நாடு பட்ட கடன்: லாரன்ஸ் புரூக்ஸ் என்ற போர்வீரரின் 112 ஆண்டுகள்

2022ஆம் ஆண்டு ஜனவரி 5ஆம் தேதி, அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் உள்ள நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் இரண்டு நிகழ்வுகள் நடந்தன.

ஒன்று, மாநில ஆளுநர் ஜான் பெல் எட்வர்ட்ஸ் ஒரு மன்னிப்பு ஆணையில் கையெழுத்திட்டார். மன்னிக்கப்பட்டவர் 1925லேயே இறந்துபோன ஹோமர் பிளெஸ்ஸி. செருப்புத் தைத்துப் பிழைத்தவர். 1892இல் வெள்ளையருக்கென்று ஒதுக்கப்பட்ட ரயில் பெட்டியில் போய் உட்கார்ந்தார். அதுதான் அவர் செய்த குற்றம். தெரியாமல் உட்காரவில்லை. அந்தச் சட்டத்தை நீதிமன்றத்துக்கு இழுக்க வேண்டும் என்று ஊர்க் குழு ஒன்று கூடி முடிவெடுத்து, அதன்படி உட்கார்ந்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1896இல் தீர்ப்பு வந்தது: தனித்தனியாகப் பிரித்து வைக்கலாம், வசதி சமமாக இருந்தால் போதும். 'தனி, ஆனால் சமம்' என்ற அந்த ஒரு தீர்ப்பின் நிழலில் அடுத்த அரை நூற்றாண்டுக்கும் மேலாக அமெரிக்காவின் பள்ளி, பேருந்து, மருத்துவமனை, குடிநீர்க் குழாய் எல்லாம் இரண்டாகப் பிரிந்து நின்றன. ராணுவமும் அப்படித்தான் நின்றது.

இரண்டாவது, அதே நாளில் அதே நகரத்தில் 112 வயது முதியவர் ஒருவர் இறந்தார். அவர் பெயர் லாரன்ஸ் புரூக்ஸ். இரண்டாம் உலகப்போரில் பணியாற்றிய அமெரிக்கர்களில் அப்போது உயிரோடு இருந்தவர்களில் மிக மூத்தவர். கறுப்பினத்தவர்.

இரண்டும் தனித்தனிச் செய்திகளாக வந்தன. சேர்த்துப் படித்தால்தான் இரண்டுமே முழுதாகப் புரியும் என்று நாங்கள் நினைக்கிறோம். பிளெஸ்ஸி தோற்ற வழக்கு கட்டிய வேலிக்குள்தான் புரூக்ஸ் பிறந்தார், வளர்ந்தார், போருக்குப் போனார், திரும்பி வந்தார். அந்த வேலியைப் போட்டது தவறு என்று அவருடைய மாநிலம் பிளெஸ்ஸிக்கு எழுதிக் கொடுத்த நாளில் அவர் கண்ணை மூடினார்.

பதினைந்து பிள்ளைகளில் ஒருவர்

புரூக்ஸ் 1909 செப்டம்பர் 12 அன்று லூசியானாவில் நார்வுட் என்ற சிற்றூரில் பிறந்தார். வீட்டில் 15 பிள்ளைகள். அவர் சிறு குழந்தையாக இருந்தபோதே குடும்பம் பக்கத்து மாநிலமான மிசிசிப்பிக்குக் குடிபெயர்ந்தது. பள்ளிக்கூடம் போய்வர முடியாத தூரத்தில் இருந்ததால், தாயும் தகப்பனும் தங்களுக்குத் தெரிந்ததை வீட்டிலேயே சொல்லிக் கொடுத்தார்கள்.

அவர் பிறந்த காலத்து லூசியானா எப்படி இருந்தது என்பதற்கு ஒரே ஒரு கணக்குப் போதும். 1896இல் அந்த மாநில வாக்காளர் பட்டியலில் 1,30,334 கறுப்பினத்தவர் இருந்தார்கள். 1904இல் இருந்தவர்கள் 1,342 பேர். இடையில் 1898இல் மாநிலத்துக்குப் புதிய அரசியல் சட்டம் எழுதப்பட்டது. சொத்து இருக்க வேண்டும் என்றார்கள், எழுதப் படிக்கத் தெரிய வேண்டும் என்றார்கள். இரண்டும் இல்லாத வெள்ளையருக்கு மட்டும் ஒரு விலக்கு: உன் அப்பனோ பாட்டனோ 1867க்கு முன் வாக்களித்திருந்தால் நீயும் வாக்களிக்கலாம். அடிமையாக இருந்தவருடைய பேரனுக்கு அந்தக் கதவு திறக்காது என்பது எழுதியவர்களுக்குத் தெரியும். சட்டத்தில் 'கறுப்பர்' என்ற சொல் இருக்காது. வேலை மட்டும் நடந்துவிடும். சாதியின் பெயரைச் சொல்லாமலே சாதியை நடத்தும் விதிகளை நாம் பார்த்திருக்கிறோம் அல்லவா, அதே கைவேலைதான்.

1940இல் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் வந்தபோது புரூக்ஸ் மரம் அறுக்கும் ஆலையில் கூலி வேலையில் இருந்தார். ஓட்டுப் போட அழைக்காத நாடு, துப்பாக்கி தூக்க அழைத்தது. ஒரு வருடப் பயிற்சி முடித்து 1941 நவம்பரில் வீட்டுக்கு வந்தார். டிசம்பர் 7இல் ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கியது. மறுபடி அழைப்பு வந்தது. அப்போது அவருக்கு 32 வயது.

போரில் அவருக்குக் கொடுத்த வேலை

91ஆவது பொறியாளர் பொதுச் சேவைப் படைப்பிரிவில் அவரைச் சேர்த்தார்கள். கறுப்பின வீரர்களால் ஆன படைப்பிரிவு அது. ஆஸ்திரேலியா, நியூ கினி, பிலிப்பைன்ஸ் என்று பசிபிக் பகுதியெங்கும் அது பணியாற்றியது. சாலை, பாலம், விமான ஓடுதளம் போடுவது அதன் வேலை. புரூக்ஸுக்குக் கிடைத்த வேலை அதிலும் ஒரு படி கீழே. மூன்று வெள்ளை அதிகாரிகளுக்கு எடுபிடி. சமைக்க வேண்டும், வண்டி ஓட்ட வேண்டும், படுக்கையைச் சரி செய்ய வேண்டும், பூட்ஸுக்கு பாலிஷ் போட வேண்டும். நம் ஊர்க் காவல்துறையில் 'ஆர்டர்லி' என்பார்களே, அதற்கு இணையான வேலை.

இது அவர் ஒருவருக்கு வாய்த்த தலைவிதி என்று எண்ணிவிடாதீர்கள். அந்தப் போரில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பின அமெரிக்கர்கள் சீருடை அணிந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோரைச் சுமை ஏற்ற, லாரி ஓட்ட, சாலை போட, சமைக்க, பிணம் புதைக்க அனுப்பினார்கள். போர்க்களத்தில் நிற்கும் துணிவும் அறிவும் கறுப்பருக்கு இல்லை என்பது படைத் தலைமையில் பலருடைய நம்பிக்கை. கையில் ஆயுதம் கொடுத்துப் பழக்கினால் நாளை ஊருக்கு வந்து கேள்வி கேட்பானோ என்ற அச்சமும் கூடவே இருந்தது.

இந்தியாவுக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. அஸ்ஸாமின் லெடோவில் தொடங்கி, பர்மாக் காடுகளை வெட்டி, சீனாவுக்குச் சரக்குப் போக ஒரு சாலை போட்டார்கள். அதில் வேலை செய்த சுமார் 15,000 அமெரிக்கப் படையினரில் பெரும்பான்மையினர் கறுப்பினத்தவர். மலேரியாவிலும் மண்சரிவிலும் செத்தவர்கள் ஏராளம். அந்தச் சாலைக்குப் பிற்பாடு ஒரு வெள்ளைத் தளபதியின் பெயரை வைத்தார்கள்.

பின்வரிசை வேலை என்றால் ஆபத்தில்லாத வேலை என்று நினைக்கக் கூடாது. 1944 ஜூலை 17 அன்று கலிபோர்னியாவின் போர்ட் சிகாகோ துறைமுகத்தில் கப்பலில் வெடிமருந்து ஏற்றும்போது விபத்து நேர்ந்து 320 பேர் இறந்தார்கள். அவர்களில் 202 பேர் கறுப்பின வீரர்கள். பாதுகாப்பு இல்லாமல் மறுபடியும் அந்த வேலைக்குப் போகமாட்டோம் என்று நின்ற 50 பேரைக் கலகக்காரர்கள் என்று ராணுவ நீதிமன்றம் தண்டித்தது. அந்தத் தண்டனை ரத்தானது 2024இல். அப்போது அந்த 50 பேரில் ஒருவரும் உயிரோடு இல்லை.

புரூக்ஸும் சாவைப் பக்கத்தில் பார்த்தவர். முள்கம்பிச் சுருள்களை ஏற்றிக்கொண்டு போர்முனைக்குப் பறந்த விமானத்தில் அவரும் போனார். வழியில் எஞ்சின் ஒன்று நின்றுபோனது. பாரத்தைக் குறைக்க முள்கம்பியைக் கடலில் தள்ளிவிட்டார்கள். விமானத்தில் இருந்த பாராசூட் இரண்டு. ஒன்று விமானிக்கு, மற்றது துணை விமானிக்கு. குதிக்க வேண்டி வந்தால் இரண்டில் ஒன்றை நான் பறித்துக்கொள்வதாக இருந்தேன் என்று பல ஆண்டுகள் கழித்துச் சிரித்தபடி சொல்வார். பாராசூட்டைக் கணக்குப் பார்த்து ஏற்றியவர்கள் அவருடைய உயிரைக் கணக்கில் சேர்க்கவில்லை. அந்தச் சிரிப்புக்குள் இருப்பது அதுதான்.

பிறரைக் கொல்வது தன்னால் ஆகுமா என்ற கலக்கமும் அவருக்கு இருந்தது. எல்லா மனிதரிடமும் அன்பாக இரு என்று சொல்லித்தான் தாயும் தகப்பனும் வளர்த்தார்கள், அப்படி வளர்ந்தவனைக் கொல்லச் சொல்கிறார்களே என்று நினைத்ததாக அவரே சொல்லியிருக்கிறார்.

அந்நிய மண்ணில் கிடைத்த மரியாதை

ஆஸ்திரேலியாவைப் பற்றிக் கேட்டால் புரூக்ஸ் ஒன்றை மறக்காமல் சொல்வார். சொந்த நாட்டு வெள்ளையர் நடத்தியதைவிட ஆஸ்திரேலிய மக்கள் தன்னை எவ்வளவோ நன்றாக நடத்தினார்கள் என்பார். ஆனால் அங்கேயும் முகாமில் கறுப்பு வீரர்களுக்குத் தனிக் கூடாரம்தான். முகாமுக்குள் நடந்தது அமெரிக்கச் சட்டம்.

இந்தச் சொல்லைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஏனென்றால் அன்றைய ஆஸ்திரேலியா நிறவெறி இல்லாத நாடு அல்ல. வெள்ளையர் அல்லாதவர் குடியேறக் கூடாது என்று 1901 முதல் சட்டம் வைத்திருந்த நாடு. கறுப்பினப் படைகளை எங்கள் மண்ணுக்கு அனுப்பாதீர்கள் என்று முதலில் அமெரிக்காவிடம் தயங்கிய நாடு. அந்த மண்ணின் பூர்வகுடிகளை மக்கள்தொகைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்ற பிரிவு அதன் அரசியல் சட்டத்தில் இருந்தது. 1967இல் மக்கள் வாக்கெடுப்பு நடந்த பிறகுதான் அது நீங்கியது.

அப்படிப்பட்ட நாட்டில் புரூக்ஸுக்கு எப்படி மரியாதை கிடைத்தது? அவர் அங்கே விருந்தாளி. போர் முடிந்ததும் போய்விடுவார். நிலம் கேட்கமாட்டார், கூலி உயர்வு கேட்கமாட்டார், பக்கத்து வீட்டுக்குக் குடிவரமாட்டார். அவரோடு சிரித்துப் பேசுவதில் ஆஸ்திரேலியருக்கு இழப்பு எதுவும் இல்லை. அதே ஊரில் தன் நிலத்தை இழந்து நின்ற பூர்வகுடியோடு அப்படிப் பேச முடியவில்லை. அவர் கேட்பதற்குக் கணக்கு இருந்தது.

நம் பிள்ளைகளும் இதை அறிவார்கள். வெளியூரில் படிக்கும்போது ஒரே தட்டில் சாப்பிடும் நண்பன், தன் ஊர்த் திருவிழாவுக்கு மட்டும் கூப்பிடமாட்டான். சாதியானாலும் நிறமானாலும், அது மனத்தில் இருக்கும் வெறுப்பு மட்டும் அல்ல. நிலம், கூலி, ஓட்டு, திருமணம் ஆகிய நான்கையும் காவல் காக்கும் ஏற்பாடு அது. தனி மனிதர்களின் அன்பை நாம் நன்றியோடு ஏற்கலாம். ஆனால் ஏற்பாடு மாறிவிட்டது என்று அதை வைத்து முடிவு கட்டக் கூடாது.

வீடு திரும்பியவர்களுக்கு என்ன கிடைத்தது

1945 ஆகஸ்டில் புரூக்ஸ் ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்டார். சாதாரண வீரருக்கு ஒரு படி மேலான 'பிரைவேட் முதல் வகுப்பு' பதவியோடு வந்தார்.

அப்போது கறுப்பின மக்களிடையே 'இரட்டை வெற்றி' என்ற முழக்கம் பரவியிருந்தது. 1942 ஜனவரியில் பிட்ஸ்பர்க் கூரியர் என்ற கறுப்பினப் பத்திரிகைக்கு ஜேம்ஸ் தாம்சன் என்ற 26 வயது இளைஞர் எழுதிய ஒரு கடிதத்தில் அது பிறந்தது. வெளியே பாசிசத்தை வெல்வோம், உள்ளே நிறவெறியையும் வெல்வோம், இரண்டும் சேர்ந்தால்தான் வெற்றி என்றார் அவர். முதல் வெற்றி 1945இல் வந்தது. இரண்டாவதைக் கேட்டவர்களுக்கு என்ன நடந்தது என்று பாருங்கள்.

1946 பிப்ரவரி 12. ஐசக் வுடார்ட் என்ற கறுப்பினச் சார்ஜென்ட், ராணுவத்திலிருந்து விடுபட்ட சில மணி நேரத்தில், சீருடையோடு பேருந்தில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். சிறுநீர் கழிக்க வண்டியை நிறுத்தக் கேட்டதில் ஓட்டுநரோடு வாக்குவாதம் வந்தது. தென் கரோலினாவில் அவரை இறக்கிப் போலீசிடம் ஒப்படைத்தார்கள். காவல்துறைத் தலைவர் லத்தியால் அடித்ததில் வுடார்ட்டின் இரண்டு கண்களும் பறிபோயின. வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி, அடித்தவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது.

அதே 1946இல் மிசிசிப்பியில் மெட்கர் எவர்ஸ் என்ற முன்னாள் போர்வீரர், தன் அண்ணனோடும் இன்னும் சில முன்னாள் வீரர்களோடும் ஓட்டுப் போடப் போனார். ஆயுதம் தாங்கிய கும்பல் அவர்களைத் திருப்பி அனுப்பியது. அவர் ஓயவில்லை, மக்களைத் திரட்டினார். 1963 ஜூன் 12 அன்று, மனைவியும் குழந்தைகளும் உள்ளே இருக்க, தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 37.

நேரடி வன்முறை ஒரு பக்கம். கையெழுத்தாலும் முத்திரையாலும் நடந்த வன்முறை மறுபக்கம். போர் வீரர்களுக்கு வீட்டுக் கடன், தொழில் கடன், கல்லூரிப் படிப்பு, வேலையில்லாக் காலத்து உதவி எல்லாம் தரும் மறுவாழ்வுச் சட்டம் 1944இல் வந்தது. ஜி.ஐ. சட்டம் என்று அழைப்பார்கள். அமெரிக்காவின் நடுத்தர வர்க்கத்தை உருவாக்கிய சட்டம் என்று இன்றும் புகழ்கிறார்கள். சட்டத்தின் வாசகத்தில் நிறம் இல்லை. ஆனால் நாடாளுமன்றக் குழுவில் அதை வடிவமைத்தவர்களில் முக்கியமானவர் மிசிசிப்பியின் ஜான் ரேங்கின், வெளிப்படையான நிறவெறியர். நடைமுறைப்படுத்தும் அதிகாரம் மாநிலங்களின் கையிலும் உள்ளூர் வங்கிகளின் கையிலும் இருக்கும்படி சட்டம் அமைந்தது. அரசு உத்தரவாதம் கொடுத்தாலும் கடனைக் கொடுக்க வேண்டியது வெள்ளையரின் வங்கி. விளைவு என்ன? 1947இல் மிசிசிப்பியில் இந்தத் திட்டத்தில் வழங்கப்பட்ட 3,229 கடன்களில் கறுப்பின வீரர்களுக்குக் கிடைத்தவை இரண்டே இரண்டு.

இந்த எண்ணை மாணவர்கள் குறித்துவைத்துக் கொள்ள வேண்டும். வெள்ளைச் சிப்பாய் கடன் வாங்கி வீடு கட்டினார். அந்த வீட்டின் மதிப்பு ஏறியது. அதை அடகு வைத்து மகனைப் படிக்க வைத்தார். பேரன் இன்று தன் திறமையால் மட்டுமே முன்னேறியதாகச் சொல்கிறான். கறுப்புச் சிப்பாயின் பேரனிடம் உனக்கு ஏன் திறமை இல்லை என்று கேட்கிறார்கள். 'தகுதி' என்ற சொல்லை இடஒதுக்கீட்டு விவாதங்களில் கேட்டுச் சலித்துப்போன நமக்கு, அந்தத் தகுதி எந்த வங்கியிலிருந்து வந்தது என்று கேட்கக் கற்றுக்கொடுக்கும் எண் இது.

விருதுகளிலும் இதே கதைதான். அமெரிக்காவின் மிக உயர்ந்த போர்விருதை இரண்டாம் உலகப்போருக்காக நானூறுக்கும் மேற்பட்டோருக்குக் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர்கூடக் கறுப்பினத்தவர் இல்லை. மறு ஆய்வு செய்து 1997இல் ஏழு பேருக்கு அறிவித்தார்கள். கையில் வாங்க உயிரோடு இருந்தவர் ஒருவர், வெர்னான் பேக்கர். ராணுவத்தில் பிரிவினையை நீக்கும் ஆணையில் அதிபர் ட்ரூமன் 1948 ஜூலையில்தான் கையெழுத்திட்டார். அதற்கு மூன்றாண்டுகள் முன்பே புரூக்ஸ் சீருடையைக் கழற்றிவிட்டார்.

குடும்பஸ்தர்

நியூ ஆர்லியன்ஸில் புரூக்ஸ் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். ஓய்வு பெறும்வரை அதே வேலைதான். பெற்ற பிள்ளைகள் ஐந்து பேர், மனைவியின் முந்தைய உறவில் பிறந்து இவரிடம் வந்த பிள்ளைகள் ஐந்து பேர். பத்துப் பேருக்கும் அப்பா. பேரன் பேத்திகளும் கொள்ளுப் பேரன் பேத்திகளுமாகக் குடும்பம் பெருகியது.

அந்தப் பிள்ளைகள் வளர்ந்த நகரத்தை நினைத்துப் பாருங்கள். 1960இல் ரூபி பிரிட்ஜஸ் என்ற ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி வெள்ளையர் பள்ளிக்குள் காலெடுத்து வைத்ததும், கூட்டம் கூடி நின்று கூச்சலிட, மத்திய அரசின் காவலர்கள் சூழ அவள் நடந்து போனதும் இந்த நியூ ஆர்லியன்ஸில்தான். தெற்கு மாநிலங்களில் கறுப்பினத்தவரின் வாக்குரிமையை உறுதி செய்த சட்டம் 1965இல் வந்தது. புரூக்ஸுக்கு அப்போது 55 வயது.

2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் வந்தது. கரைகள் உடைந்து நகரத்தின் 80 விழுக்காடு நீரில் மூழ்கியது. ஏழைகளும் கறுப்பின மக்களும் கூரைகளின் மேல் நின்று கையசைத்த காட்சிகளை உலகம் பார்த்தது. புரூக்ஸின் வீடும் போனது. 96 வயதை நெருங்கிக்கொண்டிருந்த அவரையும் அவர் மனைவியையும் ஹெலிகாப்டரில் மீட்டார்கள். 2008இல் மனைவி இறந்தார். அதன் பிறகு மகளோடு வாழ்ந்தார்.

வீட்டு முன்திண்ணையில் உட்கார்ந்திருப்பார். அக்கம்பக்கத்தார் நின்று பேசிவிட்டுப் போவார்கள். சாப்பாடு கொண்டுவந்து கொடுப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் தவறாது. உள்ளூர்க் கால்பந்து அணியான செயின்ட்ஸ் ஆடினால் உற்சாகம் வந்துவிடும். நீண்ட ஆயுளின் இரகசியம் கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில் ஒன்றுதான்: கடவுளைக் கும்பிடுங்கள், மனிதரிடம் நல்லவிதமாக நடந்துகொள்ளுங்கள்.

நம் தரப்பு வரலாற்றில் போராட்டக்காரர்களையே பெரும்பாலும் எழுதுகிறோம். எழுத வேண்டியதுதான். ஆனால் ஒடுக்குமுறை ஒரு மனிதரைக் கசப்பாக்க, குடும்பத்தைச் சிதறடிக்க எல்லா வழியும் செய்தபோது, பத்துப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டு, தெரு முழுக்க நேசித்த மனிதராக முடிந்தவருடைய வாழ்க்கையும் நமக்குத் தேவை. தோழர்கள் அதையும் சாதனை என்றே எண்ண வேண்டும்.

105 வயதில் கிடைத்த கேக்

நியூ ஆர்லியன்ஸில் இரண்டாம் உலகப்போர் தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது. 2014 முதல் அந்த அருங்காட்சியகம் புரூக்ஸின் பிறந்தநாளைக் கொண்டாடத் தொடங்கியது. அப்போது அவருக்கு 105 வயது. 2020இல் கொரோனாவால் விழா நடத்த முடியாமல் போக, அவர் வீட்டு வாசலுக்கே வாத்தியக் குழுவும் அணிவகுப்பும் வந்தன, வானில் பழைய போர் விமானங்கள் பறந்தன. நாடெங்கிலுமிருந்து ஆயிரக்கணக்கில் வாழ்த்து அட்டைகள் குவிந்தன. இறந்தபோது அதிபர் பைடன் இரங்கல் தெரிவித்தார்.

அந்தக் கொண்டாட்டத்தை நாங்கள் குறை சொல்லமாட்டோம். அந்த முதியவர் மகிழ்ந்தார். அவர் குடும்பம் மகிழ்ந்தது. அந்த மகிழ்ச்சிக்கு அவர் எப்போதோ உரியவர். ஆனால் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. 105 வயதுவரை வாழாத பத்து லட்சம் பேருக்கு யார் கேக் வெட்டினார்கள்? 36 வயதில் வேலை தேடி வந்தபோது மரியாதை தேவைப்பட்டது. 40 வயதில் பிள்ளைகளுக்கு நல்ல பள்ளி தேவைப்பட்டது. நூறைக் கடந்தவருக்கு மாலை போடுவது நாட்டுக்கு எளிது. அவர் இனி நிலம் கேட்கமாட்டார், ஓட்டுக்கு வரிசையில் நின்று யாரையும் தோற்கடிக்கமாட்டார். ஆஸ்திரேலியாவில் அவர் விருந்தாளியாக இருந்தபோது கிடைத்த மரியாதைக்கும், சொந்த நாட்டில் 105 வயதில் கிடைத்த மரியாதைக்கும் இந்த ஒற்றுமை இருக்கிறது.

அவருடைய அன்பான குணத்தையும் சிலர் தவறாகக் கையாளுகிறார்கள். பார், அவர் கசப்பே இல்லாமல் இருந்தார், நீங்கள் மட்டும் ஏன் பழையதைக் கிளறுகிறீர்கள் என்பார்கள். மன்னிப்பது அவருடைய உரிமை, கடனை அடைப்பது அரசின் கடமை. ஒன்று நடந்ததால் மற்றது தீர்ந்துவிடாது. இதற்குச் சான்றும் உண்டு. ஜி.ஐ. சட்டத்தின் பலன் மறுக்கப்பட்ட கறுப்பின வீரர்களின் வழித்தோன்றல்களுக்கு வீட்டுக் கடன், கல்வி உதவி வழங்கக் கோரும் மசோதா ஒன்று 2021 நவம்பரில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் கொண்டுவரப்பட்டது. கண்ணிழந்த ஐசக் வுடார்ட்டின் பெயர் அதில் இருக்கிறது. இரண்டு மாதங்களுக்குள் புரூக்ஸ் இறந்துவிட்டார். மசோதா சட்டமாவதை அவர் பார்க்கவில்லை.

நம் வீட்டுப் போர்வீரர்கள்

இந்தக் கதை நமக்குத் தூரத்துக் கதை அல்ல. பாபாசாகேப் அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால், பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் சுபேதார்; ராணுவப் பள்ளியில் தலைமையாசிரியர். மகர் மக்களைப் பல தலைமுறையாகப் படையில் சேர்த்த பிரிட்டிஷார், 1890களின் தொடக்கத்தில், போர்க்குணமுள்ள சாதிகள் என்றொரு கற்பனையைப் பிடித்துக்கொண்டு அவர்களுக்குக் கதவை மூடினார்கள். முதல் உலகப்போரில் ஆள் தேவைப்பட்டபோது 1917இல் மகர் படைப்பிரிவு ஒன்றை எழுப்பினார்கள். போர் முடிந்ததும் 1921இல் கலைத்தார்கள். இரண்டாம் உலகப்போர் வந்ததும் 1941இல் மறுபடி எழுப்பினார்கள். 1943இல் உருவான சமார் படைப்பிரிவு பர்மா முனையில் போரிட்டது. 1946இல் அதையும் கலைத்துவிட்டார்கள். தேவைப்படும்போது வீரன், தேவை முடிந்தால் தீண்டத்தகாதவன்.

அம்பேத்கரும் கறுப்பினச் சிந்தனையாளர் டுபாய்ஸும் 1946 ஜூலையில் கடிதம் எழுதிக்கொண்டார்கள். கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்கு அனுப்பும் மனுவின் படியைக் கேட்டு எழுதினார் அம்பேத்கர். அந்த மாதம் மெட்கர் எவர்ஸ் ஓட்டுச்சாவடியிலிருந்து விரட்டப்பட்ட மாதம். இரண்டு கண்டங்களில் இருந்த நம் முன்னோர்கள் ஒருவர் வழக்கை ஒருவர் படித்தே வந்திருக்கிறார்கள்.

புரூக்ஸின் கதை நமக்குத் தெரிவதற்குக் காரணம், அவர் உயிரோடு இருக்கும்போதே யாரோ எதிரில் உட்கார்ந்து கேட்டு, பதிவு செய்ததுதான். பாராசூட் கதையும் ஆஸ்திரேலியா கதையும் எந்த ராணுவக் கோப்பிலும் இருந்து வந்தவை அல்ல. நம் சேரிகளிலும் காலனிகளிலும் 1962, 1965, 1971 போர்களுக்குப் போய்வந்த தாத்தாக்கள் இன்னும் இருக்கிறார்கள். வேலூர்ப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் ராணுவத்துக்குப் போன ஊர்களே உண்டு. அவர்கள் சீருடையோடு எடுத்த படம் சுவரில் தொங்கும். டிஸ்சார்ஜ் புத்தகம் இரும்புப் பெட்டியின் அடியில் கிடக்கும்.

இந்த விடுமுறையில் போய்க் கேளுங்கள். எந்தப் படைப்பிரிவு, என்ன வேலை கொடுத்தார்கள், மெஸ்ஸில் யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டீர்கள், விடுப்பில் வந்தபோது ஊர்த் தெரு வழியாகச் சீருடையோடு நடக்க முடிந்ததா, டீக்கடையில் எந்தக் குவளையில் கொடுத்தார்கள், முன்னாள் படைவீரருக்கான நிலமோ கடனோ வேலையோ கிடைத்ததா, பாட்டி அந்த ஆண்டுகளை எப்படிச் சமாளித்தார் என்று கேளுங்கள். கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். தேதியும் ஊரும் குறித்து வையுங்கள். ஆவணங்களைப் படமெடுத்து இரண்டு இடங்களில் பத்திரப்படுத்துங்கள். நாளை அரசிடமோ நீதிமன்றத்திலோ கணக்குக் கேட்கப் போகும்போது நம் கையில் இருக்கப்போவது அந்தப் பதிவுகள்தான்.

லாரன்ஸ் புரூக்ஸ் ஐயாவுக்கு நம் வணக்கம். பத்துப் பிள்ளைகளின் அப்பாவாக, தெருவுக்கெல்லாம் நல்ல மனிதராக அவர் தன் கடமைகளை முடித்துவிட்டுப் போனார். அவருக்கு நாடு பட்ட கடன் நிலுவையில் இருக்கிறது.